‘நிழலில்லாத நாடு’ கட்டுரையின் பின்னணி

மலர்க் குழு நண்பர்களே, நீங்கள் கேட்டது இரண்டு பக்கம். பள்ளி ஆண்டு மலரில் நம் தமிழ் ஐயாவின் ‘நிழலில்லாத நாடு’ கட்டுரையை மறுபடி அச்சிடப் போகிறீர்கள். அதற்கு முன்னால் பின்னணியும் நயமும் சொல்லி ஒரு சிறு குறிப்பு வேண்டும், அந்தக் காலத்திலேயே அதற்கு நயம் எழுதிப் பரிசு வாங்கியவள் நான்தானே என்று வாட்ஸப் குழுவில் ஆளாளுக்குக் கைகூப்பும் படம் போட்டீர்கள். சரி என்றேன். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியதில் வந்தது இது. இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. படித்துவிட்டுத் திட்டுவீர்கள் என்று தெரிந்தேதான் அனுப்புகிறேன்.

இளையவர்களும் மலரைப் புரட்டுவார்கள், அவர்களுக்காக முதலில் நயம். கொடைக்கானலுக்கு மேலே, மன்னவனூரைத் தாண்டிக் கிளாவரைப் பக்கம் விரியும் புல்வெளிகளுக்கு ஐயா நம் எட்டாம் வகுப்பிலிருந்து ஏழு பேரைக் கூட்டிப்போன ஒருநாள் பயணம்தான் பொருள். மரமே இல்லாத அந்த மலைகளை அவர் ஒரு நாடு என்கிறார். ‘இங்கே நிழல் நிலத்தில் முளைப்பதில்லை, வானத்தில் மிதந்து வருகிறது’ என்று மேகத்தைச் சொல்லும் இடம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். காற்று புல்லைச் சாய்ப்பதை, ‘யாரோ தலையைக் கோதிவிட்டுப் போகிறார்கள், திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த மலைக்குப் போய்விடுகிறார்கள்’ என்கிறார். புல்வெளிக்குள் நடந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு சரி என்று தெரியும். ஊரே அதைத் தரிசு என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அழகு என்று எழுதிய ஒரே ஆள் நம் ஐயா. அந்தப் பெருமையில் நான் கை வைக்கப் போவதில்லை.

கடைசிப் பத்தி நம் வகுப்புக்கே மனப்பாடம். ‘பொழுது சாயும் நேரம் மஞ்சு எங்களை அணைத்துக்கொண்டது. ஒற்றைக் கொம்பு எருமையோடு நின்ற ஒரு மனிதர் குனிந்து புல்லுக்குத் தீ வைத்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை. விளக்கு ஏற்றுகிறவரிடம் யாராவது காரணம் கேட்பார்களா?’

அந்தத் தீ எதற்கென்று அன்றைக்கு வந்த எல்லோருக்கும் தெரியும். அந்த ஏழு பேரில் நான்கு பேர் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள். அதற்கு அப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரியாது.

மாசி மாதம். உறைபனி விழுந்து விழுந்து புல்லெல்லாம் சணல் சாக்கு நிறத்துக்கு வந்திருந்தது. பூம்பாறைக் கோயில்வரை போய்வரத்தான் தலைமையாசிரியை அனுமதி கொடுத்திருந்தார். பூம்பாறையில் ஐயா ஒரு லாரிக்காரரிடம் பேசினார். பூண்டு மூட்டை ஏற்ற மேலே காலியாகப் போகிற வண்டி அது. சாயங்காலத்துக்குள் இதே லாரியில் திரும்பிவிடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை என்று நம்மைப் பின்னால் ஏற்றினார். பலகையெல்லாம் பூண்டுத் தோல். நம் பச்சை ஸ்வெட்டரில் ஒட்டிய அந்தத் தோல் ஒரு வாரம் போகவில்லை. ஐயாவுக்கு அப்போது முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். லாரி குலுங்கும்போதெல்லாம் சட்டைப் பையில் இருந்த மைப்பேனாவைத்தான் கையால் பொத்திக்கொண்டார்.

மேலே போய் எலுமிச்சம் சாதம் சாப்பிட்டோம். அப்புறம்தான் ஐயா அந்தக் காரியத்தைச் செய்தார். ஆளுக்கு ஒரு காகிதம் கொடுத்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரே மாதிரிதான் எழுதுவீர்கள், அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்த் தனியாக உட்காருங்கள், புல்லை மட்டும் பாருங்கள், விசில் ஊதினால் வாருங்கள் என்றார். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை முன்பின் தெரியாத மலையில் ஏழு திசைக்கு அனுப்ப ஒரு தமிழாசிரியரைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாது. அதை இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. எல்லோரையும்விட நன்றாக எழுத வேண்டும் என்ற பேராசையில் எல்லோரையும்விட அதிக தூரம் போனேன். இரண்டு மேடு தாண்டி ஒரு பாறை ஓரம் உட்கார்ந்தேன்.

மலை மூடுபனியை நாம் மஞ்சு என்றுதானே சொல்வோம், அது வந்ததை நான் பார்க்கவில்லை. காகிதத்தில் குனிந்திருந்தேன். எழுத்து மங்கியதும் நிமிர்ந்தால் பாறை இல்லை, மேடு இல்லை, என் கால் செருப்பு மட்டும் தெரிகிறது. விசில் கேட்டது. எழுந்து சத்தம் வந்த பக்கம் ஓடினேன். மறுபடி கேட்டபோது அது முதுகுப் பக்கம் இருந்தது. திரும்பி ஓடினேன். மூன்றாவது முறை இடது பக்கம். ஐயா என்றும், உங்கள் ஒவ்வொருவர் பேரையும் சொல்லியும் கத்தினேன். என் குரல் வாயை விட்டு நாலடி கூடப் போன மாதிரி தெரியவில்லை. மரம் இருந்தால் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டாவது நிற்கலாம். புல்லில் எதைப் பிடிப்பது? காலடியில் நிலம் சரிகிறது என்று தோன்றியதும் உட்கார்ந்துவிட்டேன். கைக்கு அகப்பட்ட ஒரு கல்லை முன்னால் எறிந்தேன். அது விழுந்த சத்தமே கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நீங்கள் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்று சொன்னீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. ஸ்வெட்டர் நனைந்து ஆட்டு வாசம் அடித்தது. அந்த வாசத்துக்கு நடுவில் புகை வாசம் வந்தது. புல் எரியும் வாசம், கொஞ்சம் இனிப்பாக இருக்கும். காற்று முகத்தில் அடித்த பக்கத்திலிருந்து வந்தது. மண்டியிட்டுக் கையை ஊன்றி ஊன்றி அந்த வாசத்தைப் பார்த்துப் போனேன். நின்றால் வாசம் தவறிவிடுமோ என்று நிற்காமல் போனேன். முதலில் சடசடவென்று சத்தம், அப்புறம் மஞ்சுக்குள் ஒரு சிவப்பு. அதற்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் கம்பளியை உதறிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், “வந்திருச்சு சார், புள்ள வந்திருச்சு” என்றார். ஐயா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

அவர் எருமைக்காரர். நாற்பது வயது இருக்கலாம், ஐயா எழுத்தில் காட்டியது போல முனிவர் எல்லாம் இல்லை. மஞ்சில் சத்தம் திசை காட்டாது, வாசம் காட்டும், கிழக்கே பாறைச் சரிவு கிடக்கு, புள்ள அந்தப் பக்கம்தான் போயிருக்கும் என்று கணக்குப் போட்டு, காற்று அடிக்கிற பக்கம் நின்று காய்ந்த புல்லில் தீ வைத்திருக்கிறார். வைக்கும்போதே அவருக்குத் தெரியும், அது குற்றம். காட்டுக்குள் தீ வைத்தால் மேய்ச்சல் பாஸ் போய்விடும். பாஸ் போனால் எருமையை அவர் எங்கே கொண்டு நிறுத்துவார்? என்னைக் கம்பளியில் சுற்றிவிட்டுத் தீயை அடிக்கப் போனார். அதற்குள் அது மேட்டில் ஏறிப் பின்னால் இருந்த பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. அந்தப் பள்ளத்தில்தான் காட்டு ஆபீஸ் முந்தின வருஷம் வாட்டில் மரக்கன்று வைத்திருந்தது.

லாரிக்கு நடக்கும்போது ஐயா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை தொலைந்தது வெளியில் தெரிந்தால் என் வேலை போய்விடும் என்றார். “நான் ஏன் சார் சொல்லப் போறேன். புள்ள நல்லாருக்குல்ல, வெரசா கூட்டிட்டுப் போங்க” என்றார் எருமைக்காரர். லாரியில் வைத்து ஐயா நம் ஏழு பேரிடமும் சத்தியம் வாங்கினார். ஆளுக்கு ஒரு கை வைத்தோம், நினைவிருக்கிறதா?

இப்போது உங்களுக்குத் தெரியாத பகுதி. என் அப்பா காட்டு ஆபீஸில் நாற்றங்கால் மேஸ்திரி. அந்தக் கன்றுகள் அவர் வளர்த்தவை. தோல் பதனிடப் பட்டை கொடுக்கும் வாட்டிலை இந்த மொட்டை மலையெல்லாம் நட்டுவிட்டால் நம் சனங்களுக்கு விறகுக்கும் வேலைக்கும் பஞ்சமிருக்காது என்று அப்பா மனதார நம்பினார். இளங்கன்றுக்கு உறைபனி ஆகாது என்று ராத்திரி போடும் சாக்குகளை விடிந்ததும் ஒவ்வொன்றாக எடுப்பார். எரிந்த பள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எந்தப் பாவி வைத்தானோ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

பங்குனியில் ஐயாவின் கட்டுரை ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. பள்ளிக்கூடமே ஐயாவைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. தலைமையாசிரியை கூட, பூம்பாறைக்கு மேலே போனது பற்றி லேசாகக் கடிந்துகொண்டு விட்டுவிட்டார். காலை வழிபாட்டில் ஐயாவே அதை வாசித்தார். கடைசிப் பத்தி வந்தபோது நான் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நாள் கழித்து அப்பா அந்தப் பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ரேஞ்சர் வீட்டு அம்மா வாங்கும் பத்திரிகை. ரேஞ்சர் கடைசிப் பத்தியில் பேனாவால் கோடு போட்டிருந்தார். அந்த மலையில் ஒற்றைக் கொம்பு எருமை வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான். அப்பா சந்தோஷமாக அம்மாவிடம் சொன்னார், “ஆள் ஆப்ட்டான். இவ வாத்தியார் எழுதியே காட்டிக் குடுத்துட்டாரு.”

ஐயா காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாத விஷயம். எருமைக்கு ஒற்றைக் கொம்பு என்று எழுதினால் அழகாக இருக்கும் என்று எழுதினார். காரணம் கேட்கவில்லை என்று எழுதினால் இன்னும் அழகாக இருக்கும் என்று எழுதினார். காரணம் அவர் பக்கத்திலேயே கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மறுநாள் வெள்ளனே ஐயாவின் அறைக்குப் போனேன். சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. திறந்திருந்த மைப்பேனாவை மூடி வைத்தார். அப்புறம், சின்னதாக ஏதாவது அபராதம் போட்டு அனுப்பிவிடுவார்கள், நான் ரேஞ்சரைப் பார்த்துப் பேசுகிறேன், நீ படிப்பைப் பார் என்றார். அன்றைக்கு அவர் ரேஞ்சரிடம் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. நான் இடைவேளையில் அறை வாசலில் போய் நிற்பேன். அவர் தலை நிமிராமல் நோட்டு திருத்துவார். திருத்த நோட்டு இல்லாத நாளிலும் திருத்தினார்.

விசாரணை வெள்ளிக்கிழமை என்று அப்பா சொன்னார். வியாழக்கிழமை காலையில் நாற்றங்காலுக்குப் போனேன். அப்பா பூவாளியோடு வரிசையாக நீர் விட்டுக்கொண்டிருந்தார். பின்னாலேயே நடந்து, மஞ்சு, விசில், கல், புகை எல்லாவற்றையும் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். அவர் திரும்பவில்லை. பூவாளி காலியான பிறகும் சாய்த்துப் பிடித்தபடியே இருந்தார்.

“பாறைச் சரிவுப் பக்கமா?” என்று கேட்டார்.

“ஆமாப்பா.”

பூவாளியைக் கீழே வைத்துவிட்டு என் தலையை, தோளை, கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஏதோ அப்போதுதான் நான் விழுந்து எழுந்து வந்த மாதிரி. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, அவர் பார்த்துக்கொள்வார்.

“யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

“ஐயாட்ட மட்டும்.”

“வேற யார்ட்டயும் சொல்லாத. ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போட்டுட்டேன்.” பூவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, “அவங்க வழக்கமா தீ வைக்கிறவுகதான்” என்றார். அதை என்னிடம் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் சோலி. வேறு ஆள் இல்லை என்று அம்மா அன்றைக்கும் என்னைத்தான் அனுப்பினாள். தூக்குச்சட்டியோடு போய் ஆபீஸ் வராந்தாவில் நின்றேன். உள்ளே ரேஞ்சர் நாற்காலியில், அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு. எதிரே எருமைக்காரர் கம்பளியை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். கதவு திறந்தே கிடந்தது. ரேஞ்சர் பத்திரிகையை வாசித்துக் காட்டி, இது நீதானே என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தன்னைப் பற்றி அச்சில் வந்ததைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஆமாங்க என்றார். எதற்கு வைத்தாய் என்று ரேஞ்சர் கேட்டார். அந்த நேரத்தில்தான் அவர் வாசல் பக்கம் பார்த்தார். பச்சை ஸ்வெட்டரைப் பார்த்து, அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தால் போதும். ‘எனக்காக’ என்று ஒரு சொல். அப்பா என்னைப் பார்க்கவில்லை, ரேஞ்சரின் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் காது என் பக்கம் இருந்தது. தூக்குச்சட்டியின் பிடி என் விரலை அறுத்தது.

“கேக்குறேன்ல. எதுக்கு வச்ச?”

“புல்லு முத்திப்போச்சுங்க. புதுசா தளுக்கட்டும்னு வச்சேன்” என்றார்.

கூட யாராவது இருந்தார்களா என்று ரேஞ்சர் கேட்டார். வாத்தியார் ஒருத்தர் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார், வேறு யாரும் இல்லை என்றார். அவ்வளவுதான் விசாரணை. பாஸை வாங்கி ரேஞ்சர் இரண்டாகக் கிழித்தார். எருமைக்காரர் வெளியே வரும்போது என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் தாண்டும்போது நடையைக் குறைத்தார். நான் நல்லாருக்கேனா என்று ஒரு கணம் பார்த்த மாதிரி இருந்தது. அது என் நினைப்பாகவும் இருக்கலாம்.

அடுத்த வாரம் நயம் பாராட்டல் போட்டி. ஐயா நடுவராக இருக்கவில்லை, உயர்நிலை வகுப்புத் தமிழம்மா இருந்தார். சைக்ளோஸ்டைல் செய்த கட்டுரையை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். மை காயாமல் விரலில் ஒட்டியது. கடைசிப் பத்திக்குத் தனி மதிப்பெண். உண்மையை எழுதிவிடுவது என்று தீர்மானித்துத்தான் உட்கார்ந்தேன். முதல் வரி எழுதவும் செய்தேன். அடித்துவிட்டேன். பிறகு பொருள் நயம், சொல் நயம், அணி நயம் என்று வரிசையாகத் தலைப்புப் போட்டேன். கற்பனை நயம் என்ற தலைப்பின் கீழே, ‘காரணம் கேட்காத கண்ணுக்கே அழகு தெரியும் என்பதை ஆசிரியர் உணர்த்துகிறார்’ என்று எழுதினேன். அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. தடையில்லாமல் வந்தது. அதுதான் எனக்கு முதல் பரிசு வாங்கிக் கொடுத்தது.

ஆண்டு விழாவில் அதை மேடையில் வாசிக்க வைத்தார்கள். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். அப்பா மூன்றாவது வரிசையில் இருந்தார், அவரும் தட்டினார். மேடைக்குப் பக்கத்தில் நின்ற ஐயா தட்டினார். நன்றாக இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொல்லவும் செய்தார். அவரை நான் வெறுக்கப் பார்த்தேன், முடியவில்லை. எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர். எதை விட்டுவிட்டு எழுத வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிட்டார்.

அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. ஐயா போன வருஷம் போய்ச் சேர்ந்தார், அஞ்சலிக் கூட்டத்தில் அதே கடைசிப் பத்தியை யாரோ வாசித்தீர்கள். அந்த மலைகளில் அப்பாவின் வாட்டில் காடாக வளர்ந்து, ஊற்றுகள் வற்றி, இப்போது காட்டு ஆபீஸே அவற்றை வெட்டிவிட்டுப் புல்லைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறதாம். நல்ல காரியம்தான். எருமைக்காரரைத் திரும்பக் கொண்டுவர வழி இருப்பதாகத் தெரியவில்லை.

ஐயாவின் கட்டுரையை மலரில் போடுங்கள், அது நல்ல கட்டுரை. கூடவே என் பரிசுக் கட்டுரையையும் போடப்போவதாகச் சொன்னீர்களே, அதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இதைப் போடுங்கள். ஐயாவின் பேரைக் கெடுக்கிறாள் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அந்த ஆபீஸ் வாசலில் ஐயா நிற்கவில்லை. நான்தான் நின்றேன்.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. அதையும் எழுதிவிட்டு முடிக்கிறேன்.

பரீட்சை முடிந்து கோடை விடுமுறைக்கு அப்பா என்னைப் பழனியில் அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் நான் ஜன்னலோரம். பெருமாள்மலை தாண்டிப் பழனி ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு வளைவில் பஸ் நின்றது. ரோடு முழுக்க எருமைகள். கீழே சந்தைக்குப் போகின்றன என்று கண்டக்டர் சொன்னார். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். எருமைகளுக்குப் பின்னால் ஒரு பெண் தலையில் சாமான் மூட்டையோடு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை. முன்னால் கம்பளி போட்ட ஆள். அப்பா பார்த்துவிட்டார். டிக்கெட்டைப் பையிலிருந்து எடுத்து, அதில் ஏதோ பிழை இருப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எருமைக்காரர் ஒவ்வொரு எருமையாகத் தட்டி மலைச் சரிவோடு ஒதுக்கினார். பஸ் என் பக்கமாக அவரை உரசிக்கொண்டு நகர்ந்தது. கையை நீட்டினால் கம்பளியைத் தொட்டிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதனால் அவர் என்னைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.